கனமான அம்பு கிடங்கில் இருந்தது

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. துபாயில் வேட்டைக் கருவிகள் விற்கும் கடையில் நான் விற்பனையாளன். ஆப்பிரிக்காவில் காட்டெருமை வேட்டைக்குப் போவதாகச் சொல்லி, ஓர் அரபு வாடிக்கையாளர் தன் மகனோடு வந்தார். பழைய பாணி மரவில்தான் வேண்டும் என்றார்.

வில்லைச் சரியாகவே தேர்ந்து கொடுத்தேன். எருமையின் தடித்த தோலையும் விலா எலும்பையும் துளைக்கக் கனமான அம்பு வேண்டும். அது நகரின் இன்னொரு பகுதியான அல் கூஸில், எங்கள் கிடங்கில் இருந்தது. போன் செய்தேன்.

"அண்ணே, வண்டி வெளிய போயிருக்கு. அஞ்சு மணி ஆயிடும்," என்றார் கிடங்கில் இருந்த செல்வம்.

மணி இரண்டு. என் மகள் பள்ளி வாசலில் வெயிலில் நிற்பாள். காத்திருக்கச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் காத்திருந்திருப்பார். நான் கடையில் இருந்த லேசான அம்புகளைக் கட்டிக்கொடுத்து, "இதுவே போதும், மாஃபி முஷ்கில், ஒரு பிரச்சினையும் இல்லை. மகளைக் கூப்பிடப் போகணும்," என்றேன்.

"யல்லா, கிளம்புங்க பாய். பிள்ளைதான் முதல்ல," என்று சிரித்தார்.

இரண்டு மாதம் கழித்து இருவரும் திரும்பி வந்தார்கள். மகன் ஊன்றுகோலில் வந்தான். அம்பு விலாவிலேயே நின்றுவிட்டதாம். திரும்பிப் பாய்ந்த எருமை பக்கத்தில் நின்ற அவனை முட்டித் தூக்கியதில் முழங்கால் நொறுங்கிவிட்டது.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கேட்டார்: "அன்னிக்கு உங்க பொண்ணு ரொம்ப நேரம் வெயில்ல நின்னுட்டாளா?"

"இல்லை," என்றேன். கனமான அம்பு கிடங்கில் இருந்தது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

என் மகள் மாடிப்படியில் ஓடி இறங்கும் சத்தம் கேட்டால் இப்போதும் அந்தப் பையனின் ஊன்றுகோல்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.