பைக்குள் அடித்த தாளம்

யுத்த காலத்தில் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடமொன்றின் பாண்ட் குழுவுக்கு நான் ட்ரம் பழக்கினேன். பிள்ளைகள் அடிக்க அடிக்க வேகத்தைக் கூட்டிவிடுவார்கள். அதனால், சாவி கொடுத்தால் 'டக், டக்' என்று ஒரே சீராகத் தாளம் காட்டும் மெட்ரோனோம் ஒன்றை வாங்கி, வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் கொண்டுபோனேன். நின்றுகொண்டு போனதால் பையை ஒரு பெரியவரின் காலடியில் வைத்தேன்.

காலி வீதியில் பஸ் குலுங்கியதும், கடையில் சாவி கொடுத்துப் பார்த்திருந்த அது அடிக்கத் தொடங்கிவிட்டது.

குண்டு என்று யாரோ சிங்களத்தில் கத்த, சனம் விழுந்தடித்து இறங்கியது. திருநீறு பூசியிருந்த பெரியவரைச் சிலர் வீதிக்கு இழுத்து வந்தார்கள்.

"மேக்க காகெத?" பஸ்ஸுக்குள் கிடந்த பையைக் காட்டி, இது யாருடையது என்று ஒருவன் அவரை உலுக்கினான்.

நான் அதை வைத்தபோது அவர் பார்த்திருந்தார். என்னை ஒருமுறை பார்த்தார்.

"மகே," என்றார். என்னுடையது.

மிதித்தார்கள். கல்லால் குத்தினார்கள். பல் உடைந்து சட்டையெல்லாம் இரத்தம். இரண்டு முழத் தூரத்தில் நின்ற கோழை நான், வாயே திறக்கவில்லை.

பொலிஸ் வந்து பையைத் திறந்து பார்த்துவிட்டு அடித்தவர்களைத் திட்டியது. சனம் கலைந்தது. பெரியவர் பையை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, நிப்பாட்டிப்போட்டுக் கொண்டு போங்கோ."

அதன்பின் நான் அதற்குச் சாவி கொடுத்ததில்லை. வாயால் எண்ணித்தான் பழக்குகிறேன். பிள்ளைகள் கேட்டால், "அது பழுதாப் போச்சு" என்று இன்றைக்கும் பொய்தான் சொல்கிறேன்.