பசறை ஏற்றத்தில் நின்றுபோன லொறி

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் முதலில் லொறி ஓட்டிய தமிழன் நான்தான். வேறு யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். படித்தது இரண்டாம் வகுப்பு. மம்பட்டி பிடித்த கையால்தான் ஸ்டேரிங்கையும் பிடித்தேன். இதைச் சொல்லும்போதே தோள்பட்டை வலிக்கிறது. அந்த லொறியை நான் ஓட்டிய நேரத்தைவிட, முன்னால் குனிந்து கைப்பிடியைச் சுற்றிக் கிளப்பிய நேரம்தான் அதிகம். என்னிடம் வரும்போதே அது கிழடு.

ஆயுத பூசை முடிந்த வாரம் அது வழியில் நிற்க ஆரம்பித்தது. பதுளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோன தேயிலைப் பெட்டிகள் ரயிலைத் தவறவிட்டன. தோட்டத்துத் துரை என்னை ஆபீசு வாசலில் நிறுத்தினார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் லொறியை விற்றுவிட்டுப் பழையபடி மாட்டு வண்டி வைத்துக்கொள்வேன், நீ பெரட்டுக்கு வா என்றார். பெரட்டு என்றால் விடியுமுன்னே குளிரில் வரிசையாக நின்று மலைக்கு வேலைக்குப் போவது. அந்த வரிசையை விட்டு வெளியே வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் பெட்டிகளோடு புறப்பட்டோம். ஸ்டேஷனில் பெட்டிகளை ஒப்படைக்கக் கணக்கப்பிள்ளையும் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பசறை தாண்டி ஏற்றத்தில் எஞ்சின் இருமியது, நின்றது.

"என்ன டிரைவரே, மாட்டக் கூட்டிட்டு வரச் சொல்லவா?"

"நீங்க எறங்கித் தள்ளுனா மாடே வேணாங்கய்யா."

பெட்ரோல் தொட்டி எங்கள் சீட்டுக்கு அடியில் இருந்தது. அங்கிருந்து பெட்ரோல் தானாக வழிந்துதான் எஞ்சினுக்குப் போகும். தொட்டியில் குறைவாக இருந்தால் ஏற்றத்தில் எட்டாது. அப்போது லொறியைத் திருப்பிப் பின்பக்கமாகவே மலை ஏறுவோம். அதனால் முதலில் சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, குச்சி விட்டுப் பார்த்தேன். முக்கால் தொட்டி இருந்தது. மூடினேன், சுற்றினேன், கிளம்பியது. சில வளைவு போய் மறுபடி நின்றது.

தொட்டியின் அடியில் இருந்த திருகைத் திறந்து சிகரெட் டின்னில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் இல்லை, துருவும் இல்லை. எஞ்சின் பக்கம் குழாயைக் கழற்றி வாயை வைத்து ஊதினேன். வாயெல்லாம் பெட்ரோல். கிளம்பியது. குப்பைதான் அடைத்திருக்கிறது என்று நினைத்தேன். அதுவும் கொஞ்ச தூரம்தான். கணக்கப்பிள்ளை சலித்துப்போய்ச் சுருட்டை எடுத்தார்.

"ஐயா, அதப் பத்த வச்சீங்கன்னா ரயிலுக்கு முன்னாடி நம்ம ரெண்டு பேரும் மேல போயிருவோம்."

தூறல் வேறு. ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கவே மனமில்லை. ஆனால் என் மண்டை சும்மா இருக்காது. கிளம்பிய தடவையெல்லாம் நான் செய்தது என்ன? ஒரு தடவை மூடியைத் திறந்தேன். ஒரு தடவை காற்றை ஊதினேன். மறுபடி குழாயைக் கழற்றிப் பிடித்தேன். சொட்டுச் சொட்டாக வந்து நின்றது. கணக்கப்பிள்ளையை மூடியைத் திறக்கச் சொன்னேன். திறந்தார், என் கை நனையக் கொட்டியது.

தொட்டிக்கு மூச்சில்லை! மூடியின் நடுவில் ஓர் ஊசித் துளை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். மூடியை வாங்கிப் பார்த்தேன். பூசையன்று கோயில் பூசாரி விளக்கு, சக்கரம், ஸ்டேரிங் என்று ஒன்றையும் விடவில்லை. சீட்டைத் தூக்கி இந்த மூடிக்கும் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்திருந்தார். அது காய்ந்து கல்லாகிவிட்டது.

"ஐயா, சட்டையில குத்தியிருக்க ஊக்கக் குடுங்க."

"சாமி சந்தனத்தையா குத்தப் போறீரு? பூசாரிக்குத் தெரிஞ்சா ஆடித் தீத்துருவாரு."

"லொறி போயிருச்சுன்னா அடுத்த வருசம் அவரு மாட்டுக் கொம்புக்குத்தான் பூசணும். குடுங்கய்யா."

குத்தினேன், ஊதினேன், மூடினேன். பிறகு பதுளை வரை ஒரு இருமல்கூட இல்லை. ரயில் கார்டு கொடியை எடுக்குமுன் கடைசிப் பெட்டியும் ரயிலில் ஏறிவிட்டது. வேறு எவனாவது இருந்திருந்தால் எஞ்சினையே பிரித்துப் போட்டிருப்பான்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை லயத்தில் என் அறையில் அசையாமல் படுத்திருந்தேன். துரை கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. போய் நின்றேன். லொறியை விற்கும் பேச்சே இல்லை. அப்புத்தளையில் அவருடைய சிநேகிதரின் கார் கிளம்ப மாட்டேன் என்கிறதாம், நீதான் ஆள், இப்போதே புறப்படு என்றார். பெரட்டு வரிசை இனி எனக்கில்லை. இனி ஞாயிற்றுக்கிழமையும் இல்லை என்பது அப்போதே புரிந்துவிட்டது. திரும்பி வந்து, பெட்ரோல் நாற்றம் போகாத அதே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.