கேத்தல் ஆவியில் ஒரு நீல இறகு

1993 ஜூன் 15, செவ்வாய்க்கிழமை. சுபஹுத் தொழுகை முடிந்து வாப்பா கடை திறக்கப் போனார். உம்மா எனக்குப் பின்னல் போட்டுப் பாடசாலைக்கு அனுப்பினார். உம்மாவின் தங்கையான சாச்சி, தையல் மெஷினைத் துணியால் மூடிவிட்டு, மேசை விளிம்பில் ஒரு சின்ன இரும்புக் கவ்வியைப் பூட்டினார். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு நாள்கள் எல்லாம் அப்படித்தான் தொடங்கின, கவ்வி ஒன்றைத் தவிர. அது வந்து ஒரு வாரம்தான்.

கலகெதரவுக்குப் போகும் பாதையில், தூண்டில் பூச்சி கட்டும் தொழிற்சாலை ஒன்று ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. குளிர் நாட்டு ஆறுகளில் சால்மன் மீனையும், கடலுக்குப் போய்த் திரும்பும் ட்ரவுட்டையும் பிடிக்க, தூண்டில் முள்ளில் இறகும் மயிரும் சேர்த்துக் கட்டும் பொய்ப்பூச்சிகள். அங்கே மேற்பார்வை பார்க்கும் பெண்மணி, எல்லோருக்கும் நோனா, சாச்சியிடம் பார்த்துக் கட்ட ஒரு மாதிரிப் பூச்சி கொடுத்திருந்தார். மஞ்சள் வால், வெள்ளிக் கம்பி சுற்றிய உடல், கழுத்தில் நீல இறகு, மேலே கறுப்பு மயிர். அதைப் போலவே ஆறு கட்டி, மாதிரியையும் சேதமில்லாமல் புதன்கிழமை காலை ஒப்படைக்கவேண்டும். சரியாக இருந்தால் வேலை. சரிவராவிட்டால் இனி வெளிவேலைப் பேச்சே கூடாது என்று வாப்பா சொல்லியிருந்தார்.

கலியாண உடுப்புத் தைத்துப் பழகிய சாச்சியின் விரல்களுக்கு நூல் சொன்னபடி கேட்டது. நம்பிக்கை வராதவர் மாமாதான். உம்மாவுக்கும் சாச்சிக்கும் மூத்தவர், அவர்களுக்கு ‘நானா’. எங்கள் ஊர்க் கங்கைக் கரையிலேயே தூண்டிலோடு பாதி வாழ்நாளைக் கழித்தவர்.

"இதென்ன, மாப்பிள்ளை வீட்டுக்குப் போற சோடிப்பு? மண்புழுவைக் கண்ட மீன் இதைத் திரும்பியும் பார்க்காது."

"மீன் பார்க்க வாணாம் நானா. நோனா பார்த்தாப் போதும்."

பகலில் ஆறாவதும் முடிந்தது. சாச்சி லுஹர் தொழ எழுந்து போனார். நான் பாடசாலை விட்டு வந்தபோது மேசையில் ஆறுதான் இருந்தன. மாதிரியைக் காணவில்லை. மேசைக்கடியில், மெஷினுக்குப் பின்னால், குப்பைக்கூடையில் என்று எங்கும் தேடினோம்.

பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு மாமா வந்தார். கையில் முழங்கை நீளக் கெண்டை. அதன் உதட்டில் நீல இறகு.

"நான் சொன்னது பிழை தங்கச்சி! போட்ட உடனே கவ்விட்டது! ஒண்ட வேலை நிச்சயம்!"

சாச்சி முள்ளைக் கழற்றினார். இறகு வழுவழுப்பில் ஒட்டி, மிதிபட்ட புல்லைப் போலக் கிடந்தது.

"நீ கட்டினதுல நான் கை வைக்கல்ல," என்றார் மாமா, சாச்சியின் முகத்தைப் பார்த்துக் குரல் இறங்கி. "பழுதாப் போயிடுமெண்டுதானே கம்பனிக்காரண்டதை எடுத்தன்."

"அதைத்தான் நானா திருப்பிக் குடுக்கணும்."

மாமா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "நாளைக்கு நானும் வந்து நோனாட்டச் சொல்றன்."

"வந்து? மீனைக் காட்டவா?"

உம்மா சிரிப்பை அடக்க அடுப்படிக்குப் போனார். அன்றிரவு சோற்றுக்கு மீன் ஆணம். மாமாவும் சாப்பிடவில்லை, சாச்சியும் சாப்பிடவில்லை. அந்த மீனுக்காகத்தான் இருவரும் கவலைப்படுகிறார்கள் என்று எண்ணி, நானும் ஒரு துண்டை மட்டும் ஒதுக்கி வைத்தேன். படுக்கும் முன் சாச்சி பூச்சியைச் சவர்க்காரத் தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி வைத்தார்.

மறுநாள் காலை வீட்டில் முதலில் நடந்தது கேத்தல் அடுப்பில் ஏறியதுதான். நான் கோப்பையோடு போய் நின்றேன். சாச்சி வெளியே போகும் சேலையில் இருந்தார். சிறு இடுக்கியால் பூச்சியைப் பிடித்து, கேத்தல் மூக்கிலிருந்து வந்த ஆவியில் மெல்லத் திருப்பினார். கசங்கிய மணப்பெண் முக்காட்டு வலைத்துணியை அவர் அப்படித்தான் நிமிர்த்துவார். நீல இறகு இழை இழையாக எழுந்து, கழுத்தைச் சுற்றி விரிந்தது. வாசலில் மாமா செருப்போடு காத்திருந்தார்.

"சாச்சி, தேத்தண்ணி?"

"பொறு புள்ள."

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கோ, இவ்வளவு கொதித்த தண்ணீரையும் ஒரு பூச்சிக்குச் செலவழிக்கிறாரே என்று கோபம் கோபமாக வந்தது.