மாமா செத்துப்போன மத்தியானம்

எனக்கு எட்டு வயதானபோது அப்பா எங்களைத் தீவுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். அந்தமான். விமானத்தில் போகிறோம், கண்ணாடித் தரை வைத்த படகில் மீன் பார்க்கிறோம் என்று வகுப்பில் ஒருத்தி விடாமல் சொல்லிவைத்தேன். நீச்சலுக்குப் போடும் கண்ணாடிகூட வாங்கியாயிற்று. கடைசியில் நாங்கள் போய்ச் சேர்ந்தது, கோயமுத்தூரிலிருந்து காங்கேயம் வழியாகப் பஸ் மாறி மாறி, காவேரியின் நடுவில் இருக்கும் அம்மாவின் பிறந்த ஊருக்கு. நாலு பக்கமும் தண்ணீர் இருந்தால் அது தீவுதானே என்று மாமா போனில் கேட்டாராம். அவர் சொன்னதில் தப்பில்லை. கோடையில் ஒரு பக்கம் முழங்கால் தண்ணீர்தான் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

உண்மையில் அந்தப் பயணமே அம்மாவுக்காகத்தான். அந்தத் தை மாதம் எனக்கு ஒரு தம்பி பிறந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா ஒரு வாரம் கழித்து வெறுங்கையோடு வந்தாள். பிறக்கும்போதே உயிர் இல்லை. அம்மாவுக்கு மயக்கம் தெளிவதற்குள் அப்பாவும் மாமாவும் அடக்கம் வரை எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். பார்த்தால் மனசு தாங்காது என்று பெரியவர்கள் சொன்னார்களாம். தம்பி சாமிகிட்டப் போய்விட்டான் என்று எனக்குச் சொன்னார்கள், நானும் சரியென்று விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் பச்சை உடம்பு, அழக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா சொன்ன பேச்சைக் கேட்கிறவள். அழவில்லை. பேச்சும் குறைந்துபோயிற்று. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் அப்பா அந்தமானுக்கு டிக்கெட் எடுத்தார். வர மாட்டேன் என்று அம்மா ஒரே வார்த்தையில் சொல்ல, டிக்கெட் கேன்சல் ஆனது. எனக்கு அவள்மேல் கொள்ளைக் கோபம்.

ஆழமான பக்கத்தில் பரிசலோடு மாமா காத்திருந்தார். அம்மாவுக்குத் தம்பி, வாயைத் திறந்தால் கேலிதான். ஆற்றில் முதலை இருக்கிறது, கண்ணாடியை மாட்டிக்கொண்டால் அது பயந்து ஓடிவிடும் என்றார். நான் மாட்டிக்கொண்டேன். கரையேறியதும் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அந்தமானிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று அறிமுகப்படுத்தினார். ராத்திரி அத்தை எல்லோருக்கும் சோறு போட, அவர் மட்டும் சாப்பிடவில்லை. தன் பங்கு முறுக்கையும் என் மடியில் போட்டார். ஒரு வாரமாக அவர் விரதம் என்பது எனக்குத் தெரியாது. முறுக்கு கிடைத்ததே போதும் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் அண்ணமார் கோயில் நோம்பி. எங்கள் பக்கம் திருவிழாவுக்கு அதுதான் பேர். அண்ணன் தம்பியாகிய அந்தச் சாமிகள் போரில் விழுந்து மாண்டதாகவும், தங்கை தீர்த்தம் தெளித்து அவர்களை எழுப்பியதாகவும் கதை. வருஷத்துக்கு ஒருமுறை ஊர் ஆண்கள் அதேபோல அருள் வந்து விழுவார்கள். அதற்குப் படுகளம் என்று பெயர். இதையெல்லாம் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு யாரும் எனக்குச் சொல்லவில்லை. பட்டணத்துப் பிள்ளைக்கு இது தெரியாது என்பதே யாருக்கும் தோன்றவில்லை.

மத்தியான வெயிலில் கோயிலுக்கு முன்னால் மணல் கொதித்தது. பம்பை அடிக்க ஆரம்பித்ததும் அந்தச் சத்தம் காதுக்கு வரும் முன்பே உள்ளங்கால் வழியாக ஏறி என் பல்லை ஆட்டியது. செல்போனைத் தூக்கியவர்களைப் பூசாரி ஒரு பார்வை பார்த்தார். எல்லாம் பைக்குள் போயின. அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு கைக்குழந்தைகூடச் சிணுங்கவில்லை. மஞ்சள் தண்ணீரில் நனைத்த வேட்டியோடு, கையில் வாளோடு ஆண்கள் ஓடிவந்தார்கள். அதில் மாமாவும் இருந்தார். மாமா என்று கூப்பிட்டேன். என்னைத் தாண்டித்தான் ஓடினார், ஆனால் அவருக்கு என்னைத் தெரியவில்லை. அந்தக் கண்களை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. சட்டென்று பம்பை நின்றது. வெட்டிய வாழைபோல மாமா சாய்ந்தார். அவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒவ்வொருவராக விழுந்தார்கள்.

வரிசையாகக் கிடத்தித் தலைமுதல் கால்வரை வெள்ளை வேட்டியால் மூடினார்கள். மாமாவின் பாதம் மட்டும் வெளியே தெரிந்தது. அதில் ஒரு ஈ உட்கார்ந்தது, நடந்தது, மறுபடி உட்கார்ந்தது. பாதம் அசையவில்லை. மாமா செத்துப்போய்விட்டார் என்று எனக்கு உறுதியாயிற்று. பயத்தில் அழுகைகூட வரவில்லை.

விழுந்தவர்களின் வீட்டுப் பெண்கள் தலைமாட்டில் உட்கார்ந்து அழ வேண்டும், அது முறை. அத்தை கூந்தலை அவிழ்த்துவிட்டு ராகத்தோடு அழ ஆரம்பித்தாள். ஹேண்ட்பேக்கை மாட்டியபடி நின்றிருந்த அம்மாவையும் கைபிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அம்மா வெள்ளைத் துணிமேல் கையை வைத்தாள். பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தும் என் அம்மாவுக்குள் அப்படியொரு சத்தம் இருக்குமென்று நான் நினைத்ததே இல்லை. அதில் ராகம் ஏதும் இல்லை. பக்கத்தில் அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

“மொகத்தக்கூடக் காட்டாமப் போயிட்டயே சாமி. ஒருக்காகூட உன்ற மொகத்தப் பாக்குலியே.”

இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். முகம் துணிக்குள்தானே இருக்கிறது, விலக்கினால் தெரிந்துவிடப்போகிறது என்று எனக்குப் பட்டது. அம்மாவுக்கு உதவி செய்கிற எண்ணத்தில் வேட்டியைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

மாமாவின் உதட்டில் மணல் ஒட்டியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. நேற்று என்னைக் கேலி செய்த முகம் அது இல்லை. அத்தை என் கையில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டுத் துணியை இழுத்து மூடினாள். தீர்த்தம் படாமல் முகத்தைத் திறந்தால் எழுந்திருக்கவே மாட்டார்கள் என்று பின்னாலிருந்து ஒரு கிழவி சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது.

புது மண்பானையில் ஆற்றுத் தண்ணீரும் வேப்பிலையுமாக, மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண் வந்தாள். அவள்தான் அன்றைக்குச் சாமிகளின் தங்கை. ஒவ்வொரு துணியாக விலக்கித் தண்ணீர் தெளித்தாள். விழுந்தவர்கள் தூங்கி எழுந்தவர்களைப் போல எழுந்து உட்கார்ந்தார்கள். செத்தவர்கள் எழுந்திருப்பதை நான் என் கண்ணால் பார்த்தேன். இன்றைக்கு யார் என்ன விளக்கம் சொன்னாலும், அந்த மணலில் நின்ற எனக்கு அது அப்படித்தான்.

மாமாவுக்குத் தெளித்தாள். அசைவில்லை. இரண்டாம் முறையும் அசைவில்லை. ஊரே எழுந்துவிட்டது, நான் முகத்தைத் திறந்த குற்றத்துக்கு மாமா மட்டும் கிடக்கப்போகிறார். இனி அந்தமானே கேட்க மாட்டேன் என்று சாமியிடம் சத்தியம் செய்தேன். மூன்றாம் முறை வேப்பிலையால் முகத்தில் அடித்துத் தெளித்தாள். பாதம் அசைந்தது. மாமா எழுந்து உட்கார்ந்து திருதிருவென்று விழித்தார். பெண்கள் குலவையிட்டார்கள். எனக்கு வந்த சந்தோஷத்தில் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

அம்மா மட்டும் நிறுத்தவில்லை. ஆள் கிடந்த இடத்து மணலில் வெறும் வேட்டிதான் இருந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். அத்தை அவளைத் தேற்றப் போனாள். மாமா, குரல் எழும்பாமல், “உடு, அழுகட்டும்” என்றார். ஆண்கள் பக்கத்திலிருந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த அப்பா, நாலடி தூரத்திலேயே நின்றுவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா சரியாகப் பார்க்கவில்லை போல என்று நினைத்து, அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“அம்மா, மாமா எந்திரிச்சுட்டாரும்மா. பாரு.”

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“எல்லாருமே எந்திரிச்சுட்டாங்களா கண்ணு?”

நான் கணக்கு டீச்சரின் மகள். வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடி, ஒவ்வொரு வேட்டியையும் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். யாரும் கிடக்கவில்லை. மூச்சிரைக்க ஓடிவந்து, எல்லாரும் எந்திரிச்சாச்சும்மா, ஒருத்தர்கூட மிச்சமில்லை என்றேன்.

சரியான பதிலைத்தான் சொன்னேன் என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.