அம்மி மிதிக்கப் போன கால்

பொம்மிடிப் பக்கம் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். ஊரார் புண்ணுக்கெல்லாம் மருந்து வைத்துக் கட்டிய என் பேச்சு, எங்கள் வீட்டில் மட்டும் எடுபட்டதே இல்லை.

என் தங்கைக்குக் கால் அழகாக இருக்க வேண்டும். அப்பாவின் சவர பிளேடை எடுத்துக் கட்டைவிரல் நகத்தைப் பிறை மாதிரி வளைத்து, இரண்டு ஓரத்தையும் சதை வரை தோண்டி எடுப்பாள்.

"நேரா வெட்டுடி. ஓரத்தத் தோண்டுனா, வளரும்போது சதையில குத்தும்" என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டது.

"போக்கா, உன் நகமாட்டம் மம்பட்டி மாதிரி இருக்கணுமா?" என்பாள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பாப்பிரெட்டிப்பட்டியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். கல்யாணத்துக்கென்று வாங்கிய, முன்பக்கம் குறுகிய செருப்பைப் போட்டு வீட்டுக்குள்ளேயே நடந்து பழகினாள். வலது கட்டைவிரல் வீங்கி, நகத்தோரம் சீழ் வைத்துவிட்டது. லீவில் வந்த நான் அதைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன்.

"நல்ல காரியம் நடக்கற வூட்டுல ஆசுபத்திரிப் பேச்சு வேண்டாம்" என்று சொல்லி, அம்மா ஓர் எலுமிச்சம்பழத்தைத் துளைத்து அந்த விரலில் செருகிவிட்டார். அவள் காலை முக்கி வைக்க நான் உப்புப் போட்டுக் காய்ச்சிய வெந்நீரை, கல்யாணத்துக்கு வந்திருந்த மாமா குளிக்க எடுத்துப் போனார். கல்யாணத்துக்கு முதல் நாள் பார்த்தால், வீக்கத்தின் சிவப்பு தெரியாமலிருக்க விரல் முழுக்க மருதாணி அப்பியிருந்தாள்.

தாலி கட்டி முடிந்து, அம்மி மிதிக்கும் சடங்கு. ஐயர் சொன்னபடி மாப்பிள்ளை குனிந்து, அவளுடைய வலது கட்டைவிரலைப் பிடித்துத் தூக்கினார். தங்கை அலறிய அலறலில் நாதஸ்வரமே நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் கையெல்லாம் சீழும் ரத்தமும்.

"அம்மியில கால வெக்கறதுக்கு முந்தியே இப்படியா? என்ன சகுனமோ!" என்றார் மாப்பிள்ளையின் அத்தை.

"சகுனமில்லீங்க, நகம்!" என்று கத்திவிட்டேன்.

மாப்பிள்ளை மட்டும் பதறவில்லை. குதிகாலைத் தாங்கிப் பிடித்து, மெதுவாக அம்மியின் மேல் வைத்தார். சடங்கு முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார்.

"அக்கா, தருமபுரி பெரிய ஆசுபத்திரிக்கு எப்பங்க பஸ்ஸு?"

அந்தக் குடும்பங்கள் இரண்டிலும் அன்றைக்கு முதலில் கேட்ட உருப்படியான கேள்வி அதுதான்.

பட்டுப்புடவையும் பட்டுவேட்டியுமாக அவர்கள் ஏறி உட்கார, பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. தருமபுரியில் லேடி டாக்டர் விரல் மரத்துப்போக ஊசி போட்டு, சதைக்குள் இறங்கியிருந்த நகத்துண்டை வெட்டி எடுத்தார்.

"இனிமே நகத்த நேரா வெட்டுங்க, ரொம்பக் குட்டையாவும் வேண்டாம். கால் நனைஞ்சா விரலிடுக்கெல்லாம் நல்லாத் தொடைங்க. விரல நெருக்கற செருப்பு போடாதீங்க" என்றார்.

தங்கை ஏதோ அதிசயத்தைக் கேட்டவள் போல என் பக்கம் திரும்பினாள். "கேட்டியாக்கா? நேரா வெட்டணுமாம்!"



ஆடிக்கு அவள் பிறந்த வீடு வந்தபோது புண் நன்றாக ஆறியிருந்தது. சொந்தக்காரப் பெண்களையெல்லாம் கூடத்தில் உட்காரவைத்து, நகம் வெட்டுவது எப்படி என்று பாடம் நடத்தினாள். நடுவில் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நீ செத்த சும்மா இரு. பட்டவ சொல்றா, கேப்போம்" என்று சித்தி என்னை அடக்கிவிட்டார்.