டேங்க் திரும்ப இடம்

பெரிய அளவில் ஒரு ராணுவ டேங்க் மாடல் வேண்டுமென்று, மாடல் செய்யும் எங்கள் குழுவில் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தோம். வந்துவிட்டது; அதை நிறுத்த ஒரு சின்னத் தெருவும் செய்ய வேண்டியிருந்தது. "வெளிநாட்டுத் தெரு எதற்கு, நம் ஊர்த் தெருவில் நிறுத்தலாமே" என்று பீளமேட்டில் எங்கள் தெருவைப் படமெடுத்து அனுப்பியவள் நான்தான்.

இன்று அந்தத் தெருவைச் சின்னதாகச் செய்த குழு அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மின்கம்பம், தண்ணீர்த்தொட்டி, எதிர்வீட்டுக் கோலம் எல்லாம் அப்படியே இருந்தன. எங்கள் வீடு மட்டும் இடிந்து கிடந்தது. அப்பாவின் பெயர்ப்பலகையோடு கேட் நின்றது.

"ஏனுங்ண்ணா, எங்க ஊட்டை மட்டும் இடிச்சுப்போட்டீங்க?"

"டேங்க் பெருசுங்க அம்மணி, திரும்ப இடம் பத்தல. உங்க ஊடுதான் முக்குல இருக்குது" என்றார், இடிபாட்டின் மேல் புழுதி தூவிக்கொண்டே.

திரும்பி வந்து தெருமுனையை அடியளந்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

உங்களில் யார் யார் வீடு முனையில் இருக்கிறது?