உப்புத் தொட்டிக்குள் விட்ட முட்டை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்துக் கைகால் வெடித்துப்போனதால், ஐம்பதுகளின் கடைசியில் பேகம்பூர்ப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் தொட்டி ஆளாகச் சேர்ந்தேன்.

தொட்டி நிறைய உப்புத் தண்ணீர். சுற்றிலும் இரட்டைப் பலகை, குளிர் வெளியேறாமல் நடுவே உமி, மேலே மர மூடி. உள்ளே குளிரூட்டும் அம்மோனியாக் குழாய்கள். வெறும் தண்ணீராக இருந்தால் குழாயைச் சுற்றியே உறைந்துவிடும். உப்புத் தண்ணீர் உறையாமல் ஐஸைவிடக் குளிர்ந்து, தகர டப்பாவில் நாங்கள் இறக்கும் நல்ல தண்ணீரைக் கட்டியாக்கும்.

ஒரு கோடையில் கட்டியின் நடுவே தண்ணீர் தளும்பியது. சோடாக்கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"மூடியத் தெறந்து தெறந்து பாத்தா குளிரு எப்புடிலே நிக்கும்? வெள்ளிக்கெழமைக்குள்ள சரியாகலைன்னா பழையபடி சுண்ணாம்புக் குழிக்கே போயிரு."

திறந்தது உண்மை. வீட்டுத் தாழ்ப்பாளையே மூன்று தரம் பார்க்கிறவன் நான். இனி மூடியைத் தொடுவதில்லை என்று ஒரு பகல் முழுக்க வைராக்கியமாக உட்கார்ந்திருந்தேன். அப்படியும் கட்டி இறுகவில்லை. அப்புறம்தான் தொட்டிக்குள் கைவிளக்கைக் காட்டினேன். குழாய்களில் வாழைத்தண்டு கனத்துக்கு ஐஸ் பிடித்திருந்தது. உப்புத் தண்ணீர் உறைகிறதென்றால் உப்பு போதவில்லை. ஆனால் என் பேச்சை யார் நம்புவார்கள்?

என் மனைவி ஊறுகாய்க்கு உப்புத் தண்ணீர் கரைத்தால் முட்டையை மிதக்கவிட்டுப் பார்ப்பாள். அவளிடம் ஒரு முட்டை கேட்டேன்.

"எதுக்கு? ஐஸுக்குள்ள வச்சு அடைகாக்கப் போறீகளா?"

முதலாளி முன்னால் இரண்டு வாளி வைத்தேன். ஒன்றில் உப்பு கரையக் கரையப் போட்ட தண்ணீர், மற்றதில் தொட்டித் தண்ணீர். முதலாவதில் முட்டை நன்றாகத் தலை தூக்கி மிதந்தது. தொட்டித் தண்ணீரில் அடியில் போய் உட்கார்ந்தது.

"உப்பு எங்கேலே போச்சு?"

இரவெல்லாம் யோசித்து அதற்கும் பதில் வைத்திருந்தேன். வந்த உப்பே மட்டமான சரக்கு என்று சொன்னால் தப்பித்துவிடலாம். ஆனால் டப்பாவை நான் விளிம்புவரை நிரப்புகிற வரைக்கும், நாளைக்கும் இதேதான் நடக்கும்.

"நாந்தான் மொதலாளி. கட்டி சிறுத்துருமோன்னு பயந்து டப்பாவத் ததும்பத் ததும்ப ரொப்புனேன். எறக்கும்போதெல்லாம் நல்ல தண்ணி தொட்டிக்குள்ள சிந்திருச்சு."

அவர் வாளியிலிருந்து முட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இம்புட்டு நாளும் தொட்டிக்குத் தண்ணி காட்டிருக்க. உப்பு வரச் சொல்றேன், நீயே கரைச்சு ஊத்து."

மெஷினை நிறுத்திக் குழாய் ஐஸ் கரையும்வரை காத்திருந்தேன். பிறகு மூட்டை மூட்டையாக உப்பைக் கரைத்து ஊற்றி, துடுப்புக் கட்டையால் கலக்கினேன். கைவெடிப்பில் உப்பு எரிந்தது, நிறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்த முதலாளி, ஒரு கட்டியைத் தரையில் போட்டு உளியால் பிளந்தார். நடுவரை கல்லாக இருந்தது. என்னிடம் சோடாக்கடைக்கு வண்டி பூட்டச் சொன்னார்.